வாசகர் கேள்வி – பதில்: தோளுக்கு மேலே ஒரு வெட்டு

ஹவானாவில் சிகார் சுற்றுபவர்களைப் பற்றிச் சென்ற மாதம் இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சுற்றுவதைப் பற்றிக் கேட்கவில்லை. சுற்றி முடித்த சிகாரின் மூடிய முனையை எப்படி வெட்டுவது என்றே கேட்டிருந்தன. ஆகவே இந்த மாதப் பக்கங்களை அந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என் தகப்பனார் சுருட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். தினமும் சுருட்டுக் குடிப்பார். ஒன்றையும் வெட்டி நான் பார்த்ததில்லை. இப்போது மியாமியிலிருந்து வந்த மருமகன் ஒரு பெட்டி சிகார் கொடுத்திருக்கிறார். ஒரு முனை திறந்திருக்கிறது, மறு முனை மூடியிருக்கிறது. மூடிய முனையை எங்கே, எவ்வளவு நறுக்க வேண்டும்? வீட்டில் அம்மா காலத்துப் பாக்குவெட்டி இருக்கிறது, அது போதுமா?
*— உறையூர் வாசகர்*

பதில்: உங்கள் தகப்பனார் வெட்டாமல் இருந்ததற்குக் காரணம், அந்த வேலையைப் பட்டறையிலேயே முடித்துவிடுவார்கள் என்பதுதான். நம் பக்கத்துச் சுருட்டு பெரும்பாலும் இரு முனையும் நறுக்கப்பட்டே விற்பனைக்கு வரும். 'சுருட்டு' என்ற நம் சொல்லே ஆங்கிலத்துக்குப் போய் 'செரூட்' ஆயிற்று; இரு முனையும் திறந்திருப்பதையே அதன் அடையாளமாக ஆங்கில அகராதிகள் சொல்கின்றன. உங்கள் மருமகன் கொடுத்திருப்பது வேறு வகை. அதை வெட்டுவதற்கு முன்னால், அந்த முனை ஏன் மூடியிருக்கிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே வெட்டுவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

சிகாரில் மூன்று அடுக்கு இலை உண்டு. நடுவில் உள் இலைகள். அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் கட்டு இலை. எல்லாவற்றுக்கும் மேலே மென்மையான, நரம்பு தெரியாத மேல் இலை. இந்த மேல் இலையை, பற்றவைக்கும் முனையான அடியிலிருந்து தொடங்கி, வாயில் வைக்கும் முனையான தலை வரைக்கும் சாய்வாகச் சுற்றிக்கொண்டு வருவார்கள். தலைக்கு வந்ததும் இலையின் ஓரம் பிரியாமல் நிற்க ஒரு பிடிமானம் வேண்டும் அல்லவா? அதற்காக அதே இலையிலிருந்து சிறு துண்டை நறுக்கி, சுவையற்ற தாவரப் பிசினைத் தொட்டு, தலையில் ஒட்டிவிடுகிறார்கள். இதுதான் தொப்பி. கியூபா சிகாரின் தலையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று மெல்லிய வளையக் கோடுகள் தெரியும். தொப்பியை அவர்கள் மூன்று சுற்றாக வைப்பதன் தடம் அது.

ஆக, சிகார் முழுவதையும் பிரியாமல் பிடித்துக்கொண்டிருப்பது இந்தத் தொப்பியே. அதன் உச்சியை மட்டும் திறந்துவிட்டு, சுற்றுப்புறத்தை அப்படியே விட்டுவைக்க வேண்டும். தலையின் வளைவு முடிந்து உடல் நேராக இறங்கத் தொடங்கும் இடத்தைத் தோள் என்பார்கள். வெட்டு எப்போதும் தோளுக்கு மேலேயே விழ வேண்டும். பரவலாகக் கிடைக்கும் ரொபஸ்டோ என்ற அளவை எடுத்துக்கொண்டால், நீளம் 124 மில்லிமீட்டர், பருமன் 50. அதாவது ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி அதில் 50 பங்கு, ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் குறுக்களவு. இந்த அளவுக்கு உச்சியிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் போதும். ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்தைவிடச் சற்றே கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொப்பியின் கீழ் விளிம்புக் கோடு தோளை ஒட்டியோ அதற்குக் கீழேயோ தெரியும். கத்தி அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விட்டால் தொப்பி முழுசாகக் கழன்றுவிடும், பிறகு மேல் இலை வாழைப்பட்டை உரிவதுபோல் உரிந்துகொண்டே வரும்.

வெட்டும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். காகித வளையம் எந்தப் பக்கத்துக்கு அருகில் இருக்கிறதோ அதுதான் தலைப்பக்கம். இதைச் சொல்வது அற்பமாகத் தோன்றலாம். திறந்திருக்கும் அடியையே வெட்டிவிட்டு, இன்னும் புகை வரவில்லையே என்று விழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிகாரைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, தலைக்குக் கொஞ்சம் கீழே விரல்களால் அழுத்தாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டரின், அதாவது நடுவில் துளையும் அதை மூடும் கத்தியும் உள்ள சிகார் வெட்டும் கருவியின், துளைக்குள் தலையை நுழைத்து, கத்தி இலையை லேசாகத் தொடும் வரை மூடி, அங்கே ஒரு நொடி நிறுத்தி, கோணாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு தயங்காமல் ஒரே வீச்சில் மூடிவிட வேண்டும். மெல்ல மெல்ல அழுத்தினால் கத்தி அறுப்பதற்கு முன்பே இலை நசுங்கிக் கிழியும். கை நடுங்கும் என்று பயப்படுபவர்கள் கட்டரை மேசைமேல் படுக்கவைத்து, சிகாரைத் தலைகீழாகத் துளைக்குள் நிறுத்தி, தலை மேசையில் முட்டியதும் வெட்டலாம். கட்டர் மெல்லியதாக இருந்தால் அதன் கனமே ஆழத்தை அளந்து கொடுத்துவிடும்.

வெட்டியதும் உடனே பற்றவைக்காமல், ஒருமுறை வெறுமனே உறிஞ்சிப் பாருங்கள். இளநீரைக் குழல் வைத்து உறிஞ்சும்போது இருக்கும் அளவுக்கு மெல்லிய தடை இருந்தால் வெட்டு சரி. கெட்டிப் பாயசத்தை உறிஞ்சுவதுபோல இருந்தால் இன்னும் ஒரு மயிரிழை சீவலாம். குறைத்து வெட்டினால் திருத்திக்கொள்ள வழி உண்டு, கூட வெட்டியதை ஒட்டவைக்க வழி இல்லை. ஆகவே முதல் வெட்டு எப்போதும் கஞ்சத்தனமாகவே இருக்கட்டும்.

இனிப் பாக்குவெட்டிக்கு வருவோம். அம்மாவின் பாக்குவெட்டியை அவர் நினைவாகவே வைத்துக்கொள்ளுங்கள், சிகாரிடம் கொண்டுபோக வேண்டாம். பாக்குவெட்டியில் கூர்மை மேல் தகட்டில் மட்டும்தான் இருக்கிறது. கீழ்த் தகடு மழுங்கலான அணை. கொட்டைப்பாக்கு கெட்டியான பொருள், அணைமேல் அசையாமல் உட்கார்ந்து, மேல் தகடு இறங்கியதும் தெறித்து இரண்டாகும். சிகார் உள்ளே காற்றோட்டத்துக்கு இடம்விட்டுச் சுற்றப்பட்ட பண்டம். மேல் தகடு ஒரு பக்கத்திலிருந்து அழுத்த, கீழ்த் தகட்டோடு மறுபக்கம் நசுங்கி, தலை முட்டை வடிவமாகி, தொப்பி பக்கவாட்டில் வெடிக்கும். கைவசம் வேறொன்றும் இல்லையென்றால், பிரிக்காத புதிய சவர பிளேடு ஒன்று பாக்குவெட்டியைவிட மேல். அதைக்கொண்டு அறுக்காமல், வெட்ட நினைத்த கோட்டில் பிளேடை வைத்து, சிகாரை மெல்ல உருட்டிச் சுற்றிலும் கீறிக்கொண்டு வந்தால், உச்சி சின்ன மூடிபோல் தனியே வந்துவிடும். விரல் பத்திரம்.

கேள்வி: கடையில் மூன்று வகைக் கட்டர் காட்டினார்கள். கில்லட்டின் என்று ஒன்று, வி வடிவத்தில் வெட்டுவது ஒன்று, துளை போடுவது ஒன்று. எது நல்லது?
*— கோயம்புத்தூர் வாசகர்*

பதில்: ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் இரட்டைக் கத்தி கில்லட்டின். இரண்டு பக்கத்திலிருந்தும் கத்தி வந்து நடுவில் கடந்துபோவதால், மேலே பாக்குவெட்டிக்குச் சொன்ன கோளாறு இதில் இல்லை. ஒற்றைக் கத்தி கில்லட்டினுக்கு அதே கோளாறு ஓரளவு உண்டு; புதிதாக, கூர்மையாக இருக்கும்வரை தெரியாது, மழுங்கத் தொடங்கியதும் தெரியும்.

துளை போடுவது உருளை வடிவச் சிறு கத்தி. தொப்பியின் நடுவில் வைத்து, அழுத்தாமல் திருகினால், வட்டமாக ஒரு துண்டை எடுத்துவிடும். தொப்பியின் ஓரம் முழுவதும் அப்படியே இருப்பதால் மேல் இலை பிரியும் பேச்சே இல்லை, துகளும் வாய்க்கு வராது, சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு போகலாம். ஆனால் சின்னத் துளை வழியாகவே எல்லாப் புகையும் வர வேண்டியிருப்பதால், பாதிக்கு மேல் போனதும் அந்த இடத்தில் தார் சேர்ந்து கசக்கும். மெலிந்த சிகாருக்கும், கூம்பிய தலை உள்ள சிகாருக்கும் இது உதவாது.

வி வெட்டு தலையில் ஒரு வாய்க்கால் எடுக்கிறது. குறுகலாகவும் ஆழமாகவும் போவதால் புகை தாராளமாக வரும், ஓரங்களும் நிற்கும். அதன் கத்தி கூர்மை குறைந்துவிட்டால் வீட்டில் தீட்ட முடியாது, மட்டமான சரக்கு வாய்க்காலின் அடியில் இலையைப் பிய்த்துவிடும் என்பவை அதன் குறைகள். எனக்கு அது பிடிக்காது; பிடித்தவர்கள் வேறு எதையும் தொடமாட்டார்கள்.

எதை வாங்கினாலும் துளையின் அகலத்தைக் கேட்டு வாங்குங்கள். இப்போது 60 பருமனுள்ள சிகார்கள் சாதாரணமாகிவிட்டன, பழைய கட்டர்களில் அவை நுழைவதே இல்லை. எந்த நிறுவனத்துடையது நல்லது என்றும் கேட்டிருக்கிறீர்கள். புகையிலைப் பொருள் விளம்பரத்தை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கும் நாட்டில், அதன் பக்கத்துப் பண்டங்களையும் பெயர் சொல்லிப் பரிந்துரைக்க எனக்கு விருப்பமில்லை.

கேள்வி: நீங்கள் சொல்வதுபோல்தான் வெட்டுகிறேன், நல்ல இரட்டைக் கத்தி. ஆனாலும் வெட்டிய இடத்திலிருந்து மேல் இலை நீளவாக்கில் விரிசல் விடுகிறது, வாயெல்லாம் துகள். தவறு எங்கே?
*— சென்னை வாசகர்*

பதில்: உங்கள் கையிலும் இல்லை, கத்தியிலும் இல்லை, சிகாரை வைத்திருக்கும் இடத்தில் இருக்கிறது. ஏசி அறை அலமாரியில் அல்லது குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டும் காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுக்கும் இடங்கள். சிகாருக்கு 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும். அதற்குக் கீழே போனால் மேல் இலை அப்பளமாகிவிடும், அப்பளத்தை எவ்வளவு கூரான கத்தியால் வெட்டினாலும் நொறுங்கத்தான் செய்யும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரப்பதம் காக்கும் பொட்டலத்தோடு போட்டு, இரண்டு மூன்று வாரம் பொறுத்திருங்கள். அவசரப்பட்டு ஈரத் துணியைச் சுற்றினால் உள்ளே இருக்கும் இலை ஊதி, மேல் இலை வேறோர் இடத்தில் வெடிக்கும்.

உடனே வெட்டியாக வேண்டுமென்றால், சுத்தமான விரலால் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தொப்பியில் மட்டும் தடவி, அரை நிமிடம் பொறுத்து வெட்டுங்கள். இலை இளகிக் கொடுக்கும். வெட்டிய பிறகு ஓரம் பிரிய ஆரம்பித்தால், ஈர விரலால் இலை சுற்றியிருக்கும் திசையிலேயே அழுத்திச் சில விநாடி பிடித்தாலே பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் பழைய பிசின் அங்கே இன்னும் இருக்கிறது.

நான் முதன்முதலில் வெட்டியது ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில், வெண்டைக்காய் நறுக்கிய கத்தியால். தாராளமாக ஒரு சென்டிமீட்டர் போய்விட்டது. பற்றவைத்துப் பத்து நிமிடத்துக்குள் மேல் இலை முழுக்கச் சுருள் சுருளாக அவிழ்ந்து, நண்பரின் மனைவி கொண்டுவந்த காப்பிக்குள் விழுந்தது. பெட்டியில் மாதக்கணக்காகக் காய்ந்துகிடந்த சிகார் அது என்பது பிறகுதான் தெரியவந்தது. இரண்டு தவறுக்கும் சேர்த்து ஒரே தண்டனை.

கேள்வி: என் தம்பி வாங்கிவந்தவற்றின் தலை பென்சில்போல் கூம்பியிருக்கிறது. தோள் எங்கே என்றே தெரியவில்லை. இதற்கும் இரண்டு மில்லிமீட்டர்தானா?
*— சிங்கப்பூர் வாசகி*

பதில்: இல்லை. டார்பிடோ, பிராமிடே என்று அழைக்கப்படும் வகை இது. கியூபாவின் பிராமிடே 156 மில்லிமீட்டர் நீளம், 52 பருமன். கூம்பின் நுனியில் இரண்டு மில்லிமீட்டர் எடுத்தால் ஊசித் துளைதான் கிடைக்கும். இங்கே உச்சியிலிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டரில் தொடங்கி, உறிஞ்சிப் பார்த்து, தேவைப்பட்டால் ஐந்து ஆறு வரை போகலாம். கூம்பாக இருப்பதால் கீழே இறங்க இறங்கத் துளை அகலமாகிக்கொண்டே போகும். ஆகவே துளையின் அளவை உங்கள் தம்பியே தீர்மானிக்கும் வசதி இந்த வகையில் உண்டு. தொப்பிக்கோடு இதிலும் இருக்கிறது, தேடிப் பார்த்துக்கொண்டு அதற்கு மேலேயே நிறுத்திவிடச் சொல்லுங்கள். சிலர் கத்தியைச் சாய்த்து, பேனா நிப் போல வெட்டுவார்கள், பழகியபின் செய்யலாம்.

இரு முனையும் கூம்பிய வகையும் உண்டு. அதில் தலையை மட்டும் வெட்ட வேண்டும். அடிமுனையின் சிறிய மூடலை நெருப்பு தானே திறந்துகொள்ளும்.

கேள்வி: பழைய படங்களில் கடித்துத் துப்புகிறார்களே? எங்கள் ஊர்க் கறுப்பசாமி கோயில் பூசாரியும் சாமிக்கு வைத்த சுருட்டை அப்படித்தான் செய்வார். சர்ச்சில் தீக்குச்சியால் குத்துவார் என்றும் படித்தேன்.
*— மேலூர் வாசகர்*

பதில்: பூசாரி கடிப்பது சுருட்டு, அதில் காப்பாற்ற வேண்டிய தொப்பி இல்லை. சிகாரில் பல் செய்வது கத்தி செய்வதற்கு நேர்மாறு. கீழே நசுக்கி, மேலே கிழித்து, எந்த உயரத்தில் என்று தெரியாமலே முடித்துவிடும். படத்தில் அடுத்த காட்சிக்குள் சிகாரை மாற்றிவிடுவார்கள்.

சர்ச்சில் 1895ஆம் ஆண்டு, கியூபாவில் ஸ்பெயினுக்கு எதிராக நடந்த போரைப் பார்க்கப் போன இளம் அதிகாரியாக ஹவானாவில் இறங்கினார். சிகார்ப் பழக்கம் வாழ்நாள் முழுவதும் அவரோடு வந்தது. 178 மில்லிமீட்டர் நீளமும் 47 பருமனும் உள்ள அளவுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. தலையை ஈரப்படுத்தி, நீளத் தீக்குச்சியால் துளைத்து, மறுபக்கத்திலிருந்து ஊதிப் பார்ப்பார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். செய்யக்கூடாத காரியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குச்சி இலையை வெளியே எடுப்பதில்லை, உள்ளே தள்ளி இறுக்குகிறது. துளைக்கு நேர் கீழே ஓர் அடைப்பு உண்டாகிவிட்டால் வெட்டித்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். அதற்கு முதலிலேயே வெட்டிவிடலாம்.

கேள்வி: புற்றுநோய் தரும் பொருளை வெட்டச் சொல்லிக்கொடுப்பது ஒரு குடும்பப் பத்திரிகைக்கு அழகா?
*— தஞ்சாவூர் வாசகி*

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்குச் சிகார் காரணமாகிறது. புகையை உள்ளே இழுப்பதில்லையே என்று சிகார் குடிப்பவர்கள் சொல்லிக்கொள்வார்கள். சிகார்ப் புகையின் காரத்தன்மையால், இழுக்காமலே வாயின் தோல் வழியாக நிகோடின் உடம்பில் ஏறிவிடுகிறது. பெரிய சிகார் ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். வெட்டு நேர்த்தியாக இருந்தால் இதில் எதுவும் குறைவதில்லை. இதுவரை தொடாதவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்துத் தொடங்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோளும். ஏற்கெனவே பெட்டி கையில் இருப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இரவில் வெட்டிவைத்துவிட்டு மறுநாள் மாலை பற்றவைக்கலாமா?
*— கொழும்பு வாசகர்*

பதில்: வேண்டாம். திறந்த முனை முதலில் காயும், காய்ந்த முனை முதலில் பிளக்கும். பற்றவைப்பதற்குச் சற்று முன்பு வெட்டுவதே வழக்கம். விமானத்தில் ஏறுமுன் வெட்டிக்கொள்கிறேன் என்று நீங்கள் எழுதியிருப்பதற்கும் இதுவே பதில். கட்டரைச் சரக்குப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு, இறங்கியபின் வெட்டுங்கள்.

கேள்வி: நண்பர்கள் கூடும்போது ஒரே கட்டர் கைமாறுகிறது. இதில் ஏதாவது முறை உண்டா?
*— ஈப்போ வாசகர்*

பதில்: உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தொப்பியை நாவால் நனைத்து வெட்டும் பழக்கம் உள்ளவர்கள் அதைத் தங்கள் சொந்தக் கட்டரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிறர் கட்டரிலோ, கடையில் எல்லாருக்குமாக வைத்திருக்கும் கட்டரிலோ வெட்டும்போது, முன்னால் சிகாரை வாயில் வைக்கவே கூடாது. உங்களுக்கு அடுத்து வெட்டுபவர் தன் சிகாரின் அதே முனையைத்தான் வாயில் வைக்கப்போகிறார். நனைத்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீரில் தொட்ட விரல் இருக்கிறது. வெட்டி முடித்ததும் உள்ளே ஒட்டியிருக்கும் துண்டைத் தட்டிவிட்டு, கத்தியைக் கைக்குட்டையால் ஒருமுறை துடைத்துக் கொடுங்கள். புகையிலையின் பிசுக்கு இரண்டு பக்கத் தகட்டிலும் படிந்தால் கத்தி சிக்கிச் சிக்கி ஓடும், அப்படி ஓடும் கத்தி அடுத்தவர் தொப்பியைக் கிழிக்கும். வாரம் ஒருமுறை எரிசாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் பயன்படுத்தினால் போதும். எண்ணெய் போட வேண்டாம், அதன் வாடை நேரே சிகாரின் தலைக்கு ஏறிவிடும்.